எழுபது அடி எஃகு, இரண்டு சிலிண்டர்

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளைத் துருவிலிருந்து மீட்பவர்கள், புது என்ஜின் எளிதாகக் கிடைக்கும்போதும் பழைய டீசல் என்ஜினை விட மறுப்பது ஏன்?

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் நார்த்விச் என்றொரு ஊர். உப்புக்குப் பேர்போனது. நிலத்தடி உப்பை நூற்றாண்டுக் கணக்கில் எடுத்ததில் மேலே நிலம் அமிழ்ந்து, அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, சுற்றுவட்டாரம் முழுக்கக் குளங்களாகிவிட்டது. இந்த ஊரில்தான் யார்வுட் என்ற படகுத் தளம் 1930களில் கால்வாய்களுக்கான படகுகளை வரிசையாகக் கட்டி இறக்கியது. 1948-ல் கால்வாய்கள் அரசுடைமையாயின. சரக்கு குறைந்தது, படகுகள் மிஞ்சின. மிஞ்சியவற்றை என்ன செய்வது? நார்த்விச்சுக்குப் பக்கத்தில் பில்லிஞ் கிரீன் என்ற இடத்தில், கால்வாயை ஒட்டியிருந்த பள்ளக் குளங்களுக்குள் இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். படகு கட்டிய வட்டாரமே படகுகளின் இடுகாடானது.

பிற்காலத்தில் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் படகுக்காரர்களின் பிள்ளைகள் சிலர். மற்றவர்கள் ஆசிரியர்கள், தச்சர்கள், ரயில்வே ஃபிட்டர்கள். மூழ்கிய படகுகள் சிலவற்றைச் சேற்றிலிருந்து பெயர்த்து எடுத்தார்கள். இன்னும் பல படகுகள் இங்கிலாந்தின் துறைகளிலும் கொல்லைகளிலும் பாதி துருப்பிடித்துக் கிடந்து, அப்படியே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஒரு பழைய எஃகுப் படகை மீட்பதில் இரண்டு வேலை உண்டு. தகடு ஒன்று, என்ஜின் ஒன்று. தகட்டை, பணம் இருந்தால், நல்ல வெல்டர் ஒருவர் மாற்றிவிடுவார். என்ஜின் அப்படி அல்ல. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்வது எப்போதும் சுலபம். பெரும்பாலும் மலிவும் அதுதான். அந்தச் சுலபத்தை வேண்டாம் என்று சொல்பவர்களின் கதைதான் என்னை இழுக்கிறது.

ஏழு அடி அகலம்

எல்லாம் ஓர் அளவிலிருந்து தொடங்குகிறது. 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரும் அவர் வழிவந்தவர்களும் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய்கள் வெட்டியபோது, படகை மேடு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளைச் சுமார் 7 அடி அகலமும் 72 அடி நீளமுமாகக் கட்டினார்கள். தண்ணீரும் செங்கல்லும் மிச்சம் என்பது கணக்கு. அன்றிலிருந்து அந்தக் கால்வாய்களில் ஓடும் எந்தப் படகும் அந்தத் தொட்டிக்குள் அடங்கியாக வேண்டும். ரயில் பெட்டி ஒன்றைவிடக் குறுகலான, எழுபது அடி நீளப் படகுகள் இப்படித்தான் பிறந்தன.

முதலில் குதிரை இழுத்தது. பிறகு நீராவி வந்தது. கொதிகலனும் கரியும் சரக்கின் இடத்தைத் தின்றன. 1912 வாக்கில் ஃபெலோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற பெரிய சரக்குக் கம்பெனி, ஸ்வீடனின் போலிண்டர் என்ஜினைத் தன் படகுகளில் பொருத்தத் தொடங்கியது. ஒற்றை சிலிண்டர். கிளப்புவதற்கு முன் அதன் தலையிலுள்ள குமிழை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அசல் டீசல் அல்ல, ஆனால் அதற்கு நெருங்கிய உறவு.

அசல் டீசல் பெருவாரியாக வந்தது 1930களின் நடுவில். 1929-ல் பல கால்வாய்க் கம்பெனிகள் சேர்ந்து கிராண்ட் யூனியன் ஆகியிருந்தன. லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும் பாதை அவர்கள் கையில். அதன் சரக்குப் பிரிவு அதுவரை யாரும் செய்யாத அளவுக்கு ஒரே மூச்சில் படகுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. நார்த்விச்சில் யார்வுட் ஒரு பங்கைக் கட்டியது. லண்டன் ஊல்விச்சில் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் இன்னொரு பங்கை. ஆமாம், பெல்ஃபாஸ்ட்டில் டைட்டானிக்கைக் கட்டிய அதே ஹார்லண்ட் அண்ட் உல்ஃப்தான். நட்சத்திரங்களின் பெயர் சூட்டிய படகுகள் ஒரு வகை, ஊர்களின் பெயர் சூட்டியவை இன்னொரு வகை. ஊர்ப்பெயர்ப் படகுகளுக்குச் சரக்குத் தொட்டி இன்னும் ஆழம். 1935-ல் யார்வுட் கட்டிய நட்சத்திர வகைப் படகான 'ஸ்கல்ப்டர்', இன்று ஸ்டோக் புரூயர்ன் என்ற கிராமத்தின் கால்வாய் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

படகுகள் ஜோடியாக ஓடின. முன்னே என்ஜின் படகு. அது இழுத்து வரும் என்ஜினில்லாப் படகு பின்னே. இரண்டிலுமாகச் சுமார் 50 டன். ஒரே குடும்பம் இரண்டையும் ஓட்டியது. பின்புறத்தில் பத்தடிகூட இல்லாத ஓர் அறையில் அடுப்பு, படுக்கை, பிள்ளைகள், எல்லாம். கம்பெனி கட்டிய படகுகளுக்குப் போதுமான குடும்பங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பல ஜோடிகள் லண்டன் சவுத்ஹால் பக்கம் புல்ஸ் பிரிட்ஜ் பணிமனையில் சும்மா கட்டிக் கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது, அதுவரை படகையே பார்த்திராத இளம்பெண்கள் பயிற்சி பெற்று இவற்றை ஓட்டினார்கள். லண்டனிலிருந்து உலோகம் ஏற்றிக்கொண்டு பர்மிங்ஹாம் போய், திரும்பும்போது நிலக்கரி. அவர்களில் ஒருவரான எம்மா ஸ்மித் 1948-ல் எழுதிய 'மெய்டன்ஸ் டிரிப்' இன்றும் அச்சில் வருகிறது.

பதினெட்டுக் குதிரை

இந்தப் படகுகளின் என்ஜின்கள் பெரும்பாலும் இரண்டு கம்பெனிகளுடையவை: ஆஷ்டன்-அண்டர்-லைனில் இருந்த நேஷனல், மற்றொன்று ரஸ்ஸல் நியூபெரி. ரஸ்ஸல் நியூபெரியின் டி.எம்.2 என்ற மாடலில் இரண்டு சிலிண்டர். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 18 குதிரைத்திறன். இன்று கல்லூரி மாணவர் ஓட்டும் பைக்கிலேயே அந்தத் திறன் இருக்கும். 50 டன்னை அது எப்படி இழுத்தது?

கால்வாயில் வேகம் கிடையாது; மணிக்கு 4 மைல்தான் உச்ச வரம்பு. ஆழமும் இல்லை. அவசரமாகச் சுழலும் சின்ன விசிறி அங்கே சேற்றைக் கிளறுமே தவிர படகைத் தள்ளாது. வேண்டியது பெரிய விசிறி, நிதானமான சுழற்சி, கனமான ஃப்ளைவீல், நீண்ட ஸ்ட்ரோக். எண்ணெய் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் ஃப்ளைவீல் அந்த விசையைச் சேமித்து, அடுத்த வெடிப்புவரை விசிறியை விடாமல் திருப்பும்.

நம் வாசகர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதல்ல. கிணற்று மேட்டில் 'ஆயில் என்ஜின்' ஓடிய காலம் நினைவிருக்கும். டீகம்ப்ரெஷன் லிவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைப் போட்டு மூச்சிரைக்கச் சுற்றி, ஃப்ளைவீல் வேகமெடுத்ததும் லிவரைத் தட்டிவிட்டால் கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பும் அந்த என்ஜின். அதன் மூலம் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்ற ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனி. நிமிடத்துக்கு 650 சுற்றில் நிதானமாக ஓடும் லிஸ்டர் மாடலை குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பல பத்தாண்டுகள் நகலெடுத்து நாடெங்கும் விற்றன. கால்வாய்ப் படகின் டி.எம்.2-வும் நம் கிணற்று மேட்டு என்ஜினும் ஒரே காலத்தின், ஒரே சிந்தனையின் பிள்ளைகள். கரண்டு மோட்டார் வந்ததும் நாம் அவற்றை எடைக்குப் போட்டோம். அது தவறென்று சொல்ல மாட்டேன். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், நினைவுச்சின்னம் வேண்டாம். ஆனாலும் ஊருக்கு ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

கால்வாய்ச் சரக்கு முடிந்த கதை சுருக்கமானது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்கு லாரிக்குப் போனது, திரும்பவில்லை. 1963-ல் அரசு தன் சரக்குப் படகுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. சவுத்ஹாலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன நடைகள்தான் கடைசி வரை தாக்குப்பிடித்த நெடுந்தூர ஒப்பந்தம். 1970 அக்டோபரில் அதுவும் நின்றது.

பிறகு உல்லாசப் பயணக் காலம். சரக்குத் தொட்டியின் மேல் அறை கட்டினார்கள். எழுபது அடியை நிறுத்த இடமில்லை என்று ஐம்பது அடியாக வெட்டினார்கள். ஒரே படகை நடுவில் அறுத்து இரண்டு படகாக்கியதும் உண்டு. இதைச் செய்தவர்களைப் பழிக்கும் மரபொன்று ஆர்வலர்களிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டியவர்கள் அன்று வாங்கியிராவிட்டால் அந்தப் படகுகள் உருக்காலைக்குப் போயிருக்கும். பாதிப் படகாவது மிஞ்சியதால்தான் இன்று அதை மறுபடியும் முழு நீளத்துக்கு ஒட்ட முடிகிறது.

சுத்தியலும் எதிரொலியும்

மீட்பு டிரை டாக்கில் தொடங்கும். தண்ணீரை வடித்து, படகின் வயிற்றில் ஒட்டிய பாசியையும் நன்னீர்ச் சிப்பிகளையும் பீய்ச்சிக் கழுவி, சர்வேயர் சுத்தியலோடு இறங்குவார். தட்டிக்கொண்டே நடப்பார். நல்ல தகடு கணீரென்னும். மெலிந்த தகடு மொத்தென்னும். அதன்பின் அல்ட்ராசவுண்ட் கருவி. தார்ப்பூச்சைச் சுரண்டி, கருவியின் முனையை வைத்தால் ஒலி தகட்டின் மறுபுறம் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு கனத்தைச் சொல்லும். அடிக்கொன்றாக அளந்து படம் வரைவார்கள். இன்று புதிதாகக் கட்டும் படகில் அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6 மி.மீ. இருக்கும். பழைய தகடு 4 மி.மீ.க்குக் கீழே போனால் காப்பீட்டுக் கம்பெனிகள் பொதுவாகத் தயங்கும்.

துரு வெளியிலிருந்துதான் தின்னும் என்று நினைப்போம். பாதிச் சேதம் உள்ளேயிருந்து. பாரத்துக்காக அடியில் அடுக்கிய செங்கல்லுக்குக் கீழே மழைநீர் தங்கி, யாரும் பார்க்காமல் வருடக்கணக்கில் அரிக்கும். இரண்டு தகடுகள் ஒன்றின் மேலொன்று படியும் ரிவெட் மூட்டு இன்னும் மோசம். துருவான இரும்பு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; மூட்டுக்குள் துரு வளர்ந்து தகடுகளைப் பிளந்து, ரிவெட்டின் தலையையே தெறிக்கவிடும். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகுகளுக்கு வேறொரு கேடு: எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகோடு இணைந்து ஒரு பேட்டரிபோல் ஆகி, தகட்டில் ஊசிக்குழிகள் விழும். அதற்கு ஐசொலேட்டர் வைக்க வேண்டும்.

மெலிந்த தகட்டுக்கு இரண்டு வழி. மேலேயே இன்னொரு தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்வது ஒன்று. விரைவில் முடியும். ஆனால் படகின் எடை கூடும், நீரில் அமிழ்வு கூடும், இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கிய ஈரம் உள்ளே வேலை செய்யும், பழைய ரிவெட்டுகள் மறைந்துபோகும். அழிந்த தகட்டை அறுத்தெடுத்துவிட்டு அதே வடிவில் புதிதை வைப்பது மற்றொன்று. இதில் கஷ்டமே வடிவம்தான். அணியத்தில் தகடு இரு திசையிலும் வளைகிறது. அமரத்தில், விசிறிக்குத் தண்ணீர் தடையின்றிப் போய்ச் சேரும்படி நீண்டு குறுகிச் செல்கிறது. அந்த வளைவை உருட்டியும் அடித்தும் கொண்டுவரத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, துளையில் செருகி, மறுபுறம் அடித்து மடக்கும் அசல் ரிவெட் வேலை இன்னும் அரிது. ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடிதான் அதன் பலம். சிலர் வெல்டிங் செய்துவிட்டு மேலே பொய் ரிவெட் தலைகளை ஒட்டுகிறார்கள். எனக்கு அதைவிட, வெல்டிங்கை வெல்டிங்காகவே விட்டுவிடுவது பிடிக்கும். எந்தத் தகடு எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று நாளைக்கு வருபவர் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏர் லாக் எடுத்த பிறகு

என்ஜின் அறையின் மேல்மூடியைக் கழற்றி, செயின் பிளாக் கட்டி, என்ஜினைத் தூக்கி வெளியே வைத்ததும்தான் உண்மை நிலை தெரியும். பல ஆண்டுகள் நின்ற என்ஜினில் பிஸ்டன் லைனரோடு சீஸ் ஆகியிருக்கும். அடித்தால் உடையும். மண்ணெண்ணெயும் மெல்லிய ஆயிலும் கலந்து சிலிண்டரில் ஊற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து, மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் மெல்ல அழுத்த வேண்டும். பொறுமை இல்லாதவர் கையில் சிக்கி உடைந்த பிளாக்குகள் ஏராளம்.

அடுத்த எதிரி, பனி. அந்தக் காலத்தில் என்ஜினைக் குளிர்விக்கக் கால்வாய்த் தண்ணீரையே உறிஞ்சி, சுற்றவிட்டு, பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே துப்பினார்கள். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரை வடிக்க மறந்தால் உறைந்து விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் சூட்டில் பக்கத்தில் புது விரிசல் விடும். அதனால் விரிசலின் நீளத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு, உலோகப் பூட்டுகளை அடித்துத் தைக்கிறார்கள். குளிர்ந்த நிலையிலேயே முடியும் வேலை. கைதேர்ந்தவர் செய்தால் தையல் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் ஓடும் அறைகளில் பல்லாண்டுச் சேறு கல்லாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகு, இன்று பலரும் படகின் பக்கத்தகட்டோடு ஒட்டிய மூடிய தொட்டியில் உறையாத கூலன்ட் ஊற்றிச் சுற்றவிடுகிறார்கள். பழைய முறைக்கு மாறானதுதான். என்ஜினின் உயிரைக் காக்கும் மாற்றம் என்பதால் எனக்கு இது சம்மதம்.

பேரிங்குகள் தனிக் கலை. அக்கால என்ஜின்கள் பலவற்றில் கடையில் வாங்கி மாட்டும் ஷெல் கிடையாது. வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த வைட் மெட்டலை உருக்கி ஊற்றி, லேத்தில் கடைந்து, கிராங்க் ஷாஃப்ட்டில் நீலச் சாயம் தடவி வைத்துச் சுழற்றிப் பார்ப்பார்கள். சாயம் ஒட்டிய இடம் மேடு. சுரண்டு. மறுபடி வை. மறுபடி சுரண்டு. முகம் முழுக்கச் சீராகச் சாயம் ஒட்டும்வரை இதே வேலை. இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கில் நிற்க வேண்டும்.

இன்ஜெக்டரை டெஸ்ட் பம்பில் மாட்டிப் பார்த்தால் டீசல் புகைபோலத் தூவ வேண்டும். தாரையாகப் பீய்ச்சினாலோ நுனியில் சொட்டினாலோ நாசில் போய்விட்டது என்று பொருள். டீசல் எந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் நுழைகிறது என்பதைப் பார்க்கும் முறை எனக்கு மிகப் பிடித்தது. பம்பின் டெலிவரி வால்வைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்புவார்கள். டீசல் சொட்டிக்கொண்டே இருக்கும். சட்டென்று சொட்டு நிற்கும். அந்த இடத்தில் ஃப்ளைவீலின் கோடு குறியோடு பொருந்துகிறதா? இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும்.

எல்லாம் சேர்த்த பிறகு ஆயிலை ஒவ்வொரு பேரிங்குக்கும் ஏற்றி, டீசல் குழாயில் ஏர் லாக் எடுத்து, இரண்டு சிலிண்டரின் லிவரையும் தூக்கி, ஹேண்டிலைச் சுற்றுவார்கள். வேகம் வந்ததும் ஒரு லிவரை விடுவிப்பார்கள். ஒற்றை சிலிண்டரில் தட்டுத்தடுமாறிப் பிடிக்கும். அதன்பின் இரண்டாவது. அப்போது கேட்கும் நிதானமான இரட்டைத் தாளத்துக்காகவே கால்வாய்க் கரையோரத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள்.

உதிரிபாகம் எங்கிருந்து? டி.எம்.2 உரிமையாளர்கள் தமக்குள் பதிவேடு வைத்துக்கொண்டு, யாரிடம் எந்தப் பாகம் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். மான்செஸ்டர் பக்கம் பேட்ரிக்ராஃப்ட்டில் உருவான கார்டனர் என்ஜினுக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. கிளாஸ்கோவின் கெல்வின், மீன்பிடி படகுகளுக்காகச் செய்யப்பட்டது. முதலில் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் டீசலுக்கு மாற்றும் விசித்திர என்ஜின். அழகுக்காக இவற்றைச் சரக்குப் படகில் கொண்டுவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பளபளக்கும் பித்தளைக் குழாய்களோடு ஒரு கெல்வினைப் பார்த்தால் யாருக்கும் மனம் மயங்கும். என்றாலும், 1936-ல் நேஷனலோடு கட்டிய படகுக்கு நேஷனல் கிடைக்கும்போது அதையே தேடிப் பொருத்துவதுதான் நேர்மை என்பது என் கட்சி. கிடைக்காவிட்டால் கெல்வின் இருக்கட்டும். ஓடாத படகைவிட அது மேல்.

ஓடாத படகைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய டீசல் என்ஜினுக்குச் சும்மா ஓடுவதே கேடு. பாரம் இல்லாமல் ஐடிலில் விட்டால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது. முழுக்க எரியாத எண்ணெய் லைனரின் சுவரில் படிந்து கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பிஸ்டன் ரிங் அதில் பிடிக்காது. ஆயில் தின்னும், புகை கக்கும், திறன் குறையும். புதிதாக ரிங் போட்ட என்ஜினுக்கு இது இன்னும் ஆபத்து. மருந்து ஒன்றுதான்: பாரத்தை ஏற்றி ஓட்டுவது. படகின் உடலுக்கும் அப்படியே. ஆழத் தொட்டியோடு கட்டிய ஊர்ப்பெயர்ப் படகு காலியாக இருந்தால் நீரில் உயர்ந்து நிற்கும். விசிறி போதுமான ஆழத்துக்குப் போகாது, காற்றும் நீருமாகக் கலக்கும். அமரத்தின் அந்த அழகிய வளைவெல்லாம் சரக்கு ஏற்றிய ஆழத்துக்குக் கணக்கிட்டது. ஆகவே காலிப் படகில் பலரும் செங்கல்லோ இரும்போ அடுக்குகிறார்கள்.

டீசலுக்கே எதிர்காலம் இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது, நியாயமான கேள்வி. பலர் இப்போது ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்திகரித்த தாவர எண்ணெய்க்கு மாறிவருகிறார்கள். பழைய என்ஜின் இதில் முரண்டு பிடிப்பதில்லை. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சின்ன டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. எண்ணெயைவிட எனக்குப் பெரிய கவலை, வைட் மெட்டல் சுரண்டவும் ரிவெட் அடிக்கவும் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருப்பதுதான். கார்டனர் மெக்கானிக்கிடம் உட்கார்ந்து கற்கும் இளைஞருக்கு ஊதியம் யார் கொடுப்பது? படகின் பெயின்டுக்கு நன்கொடை தருபவர்கள் இதற்கும் தர வேண்டும்.

ஆண்டுதோறும் கோடையில் பிரான்ஸ்டன் என்ற கிராமத்தில் பழைய படகுகள் கூடுகின்றன; ஏராளமானோர் வந்து பார்க்கிறார்கள். அது திருவிழா. அதைவிட என்னைக் கவர்வது, ஆரவாரமில்லாமல் நடக்கும் வேறொன்று. கிராண்ட் யூனியனுக்காகக் கட்டிய படகுகளில் சில இன்று மறுபடி வியாபாரத்தில் இருக்கின்றன. தொட்டியில் நிலக்கரி மூட்டை, டீசல் டாங்க், சமையல் கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு, கரையோரம் படகு வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு விற்றபடி போகின்றன. குளிர்காலம்தான் சீசன். போன் செய்து எந்த நாள் எந்தப் பாலத்தடிக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளலாம். தொட்டி நிறைந்திருக்கிறது, விசிறி முழுக்க நீருக்குள் இருக்கிறது, இரண்டு சிலிண்டரும் பாரத்தோடு ஓடுகின்றன.